சூளைச் சூடு என்றுதான் நினைத்தோம்

மூன்று வருடத்துக்கு முன்னால், பங்குனி மாதம். ஊர் விருத்தாசலம். பீங்கான் தொழிற்பேட்டையில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்க்கிறோம். அவர் சூளையில் சரக்கு அடுக்கி இறக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி. நான் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி எடுத்த சாமான்களின் அடிப்பாகத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிறவள். துடைக்காமல் விட்டால் சூளைக்குள் வைத்த தட்டோடு ஒட்டிக்கொள்ளும். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதனால் இதில் டாக்டர் சமாசாரம் எதையாவது தப்பாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் புரிந்த மாதிரிதான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பயந்த சுபாவம். மகன் பைக்கில் சேத்தியாத்தோப்பு வரைக்கும் போனால்கூட, அவன் வந்து சேருகிறவரை எனக்குச் சோறு இறங்காது. காஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். தலை வலித்தால் மூளையில் கட்டி, கால் வீங்கினால் கிட்னி. என் வீட்டுக்காரர் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்: "எங்க வூட்டுல கவலைப்பட ஒண்ணும் இல்லன்னு வெச்சிக்க, ஏன் ஒண்ணும் இல்லன்னு அதுக்கு ஒரு கவலை படுவா."

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் பயப்படவே இல்லை. அதுதான் வேடிக்கை.

சூளைக்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அதை வியாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'சூடு' என்பார்கள். முழுசாக ஆறாத டிராலியை வெளியே இழுத்து, அனல் அடிக்கிற சரக்கைக் கையில் சாக்கு சுற்றிக்கொண்டு இறக்குகிற வேலை அது. கண் எரிந்தாலும் சூடு, நீர்க்கடுப்பு வந்தாலும் சூடு, வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தாலும் சூடு. வைத்தியமும் எல்லோருக்கும் மனப்பாடம். வெந்தயம் ஊறவைத்த மோர், தலைக்கு நல்லெண்ணெய், வாரத்தில் ஒருநாள் கருணைக்கிழங்கு. ரத்தம் போகாதவன் சூளைக்காரனே இல்லை என்று அவர்களுக்குள் ஒரு பேச்சுகூட உண்டு. என் வீட்டுக்காரரும் எப்போதாவது "சூடு புடிச்சிக்கிச்சு, மோரு குடு" என்பார். நானும் கலக்கிக் கொடுப்பேன். பெயர் தெரிந்த தொல்லைக்கு யார் பயப்படுவார்கள்?

அந்த வருடம்தான் எங்கள் வீட்டுக் கக்கூஸைப் புதுசாகக் கட்டினோம். பழையது கறுத்துப்போன சிமெண்டுத் தொட்டி. அதில் போகப் பிடிக்காமல் அவர் விடியற்காலையில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற முந்திரிக்காட்டுப் பக்கம் போய்விடுவார். அங்கே பாம்பு கிடக்கும் என்று நான் வருடக்கணக்காகப் புலம்பியதன் பலன், பக்கத்துப் பட்டறையில் செகண்ட்ஸ் என்று குறைச்சரக்கில் ஒதுக்கி வைத்திருந்த ஒரு கக்கூஸ் கோப்பையை வாங்கி வந்தார். ஓரத்தில் லேசாகக் கிளேஸ் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் குறை. மற்றபடி பால் மாதிரி வெள்ளை. கொத்தனார் பதித்துவிட்டுப் போனதும் நான் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து எங்கெங்கோ போகிற சாமான், முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டதே என்று ஒரு சந்தோஷம்.

பதித்து ஒரு வாரம் இருக்கும். காலையில் அவர் போய்விட்டு வந்த பிறகு கழுவப் போனேன். தண்ணீர் சரியாக ஊற்றாமல் வந்திருந்தார். வெள்ளையில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு. கோட்டோடு சளி மாதிரி ஏதோ.

காட்டில் மண் குடித்துவிடும். சிமெண்டுத் தொட்டியில் கறுப்போடு கறுப்பாகப் போய்விடும். இத்தனை நாள் அவரும் குனிந்து பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. வெள்ளைக்கு மேல் பார்த்தபோதுதான் ரத்தம் என்கிற வார்த்தைக்கே எனக்கு அர்த்தம் தெரிந்தது.

"ஏங்க, எவ்ளோ நாளா இப்பிடி இருக்குது?"

"இன்னா எப்பிடி இருக்குது? சூடு. மோரு கலக்கு."

"இது மோருல அடங்குறதா தெரியலீங்க."

அப்புறம் கேட்கக் கேட்கத்தான் வந்தது. மாதக்கணக்காக அப்படித்தானாம். போய்விட்டு வந்தாலும் போன மாதிரியே இருக்காதாம், மறுபடி போகத் தோன்றுமாம். முன்னே மாதிரி இல்லாமல் மெலிசாகப் போகிறதாம். இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒன்கிட்டயா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் முப்பது வருடக் குடித்தனம் இருந்தது.

ஊரிலேயே ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மூலமாகத்தான் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் தைரியமாக உள்ளே போய்ப் படுத்தார். டாக்டர் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, மூலம் எதுவும் தட்டுப்படவில்லை என்றார். பிறகு கை கழுவிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி ரத்தம் போயிருக்கிறதா என்று.

"எங்கப்பாவுக்கு இருந்துதுங்க. அவரும் சூட்டுலதான் போய்ச் சேந்தாரு. கடைசில எலும்பும் தோலுமா ஆயிட்டாரு."

"அவரும் சூளையிலதான் வேலையா?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்ல வந்தவர் பாதியில் மாற்றிக்கொண்டார்.

"இல்லீங்க. ரயில் ஜங்ஷன்ல மூட்டை தூக்கினாரு."

சூளைப் பக்கமே போகாத மனிதருக்கு ஏது சூளைச் சூடு? அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதுவரை அவர் முகத்தில் பயம் என்று ஒன்றை நான் கண்டதில்லை.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே போய்க் காட்டினோம், ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். முந்தின நாள் முழுக்கக் கஞ்சித் தண்ணி, இளநீர் தவிர வேறு எதுவும் கூடாது. அன்றைக்குக் காலையில் அங்கேயே வந்து மருந்துத் தண்ணி குடித்துக் குடலைச் சுத்தமாக்கிக்கொள்ள வேண்டும். மத்தியானம் பரிசோதனை.

அதற்கென்று ஒரு நீளக் கூடம் இருந்தது. ஒரு பக்கம் பெஞ்சு, மறுபக்கம் வரிசையாகக் கக்கூஸ். பொடி கரைத்த தண்ணியைச் செம்பு செம்பாகக் குடிக்க வேண்டியது, ஓட வேண்டியது, வந்து மறுபடி குடிக்க வேண்டியது. ஆம்பளை, பொம்பளை, படித்தவர், படிக்காதவர், அத்தனை பேரும் ஓடினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஓடினார்கள். என் வீட்டுக்காரர் உப்புக் கரிக்கிறது, எலுமிச்சை நாறுகிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். நான் துண்டும் கையுமாக நின்றேன். வாயில் ஏதோ சாமி பேரை முணுமுணுத்துக்கொண்டே இருந்திருப்பேன் போல.

"அக்கா, ஒங்க மூஞ்சியப் பாத்தாவே எனக்கு வயித்தக் கலக்குது. மருந்தே வாணாம் போலருக்குது. செத்த சிரிங்க."

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சின் கோடியில் ஒரு பெண். நாற்பது வயதுகூட இருக்காது. ஒயர் கூடையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி குடித்துக்கொண்டிருந்தது. உதடு, நகம், கண் எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் பேச்சில் மட்டும் ஒரு குறும்பு.

திட்டக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். ஒரு வருடமாக நடந்தால் மூச்சு வாங்குகிறதாம். நாற்று நட இறங்கினால் நாலு வரிசைக்குள் கண் இருட்டுகிறதாம். ரத்தசோகை என்று டானிக்கும் மாத்திரையுமாகவே ஓட்டியிருக்கிறார்கள். முருங்கைக்கீரை தின்று தின்று முருங்கை மரத்தையே மொட்டை அடித்துவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தது. அதற்குக் கண்ணுக்குத் தெரிந்து ஒரு சொட்டு ரத்தம்கூடப் போனதில்லை. கடைசியில் ஒரு டாக்டர் மலத்தைச் சோதித்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாமல் கசிகிறது என்று சொல்லி இங்கே அனுப்பியிருக்கிறார்.

"கூட யாரும்மா வந்திருக்குது?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லக்கா. வூட்டுக்காரரு வெளிநாட்டுல. பெரியவ பிளஸ் டூ பரீட்சை எழுதுறா. அக்கா வூட்டுக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டு பஸ்ஸு ஏறிட்டேன்."

அந்தச் சமயத்தில் நர்ஸ் வந்து, யார் யாருக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தது. மயக்க மருந்து கொடுப்பதால் துணை இல்லாமல் செய்ய மாட்டார்களாம். ஆள் இல்லை என்றால் இன்னொரு நாள்தான். அந்தப் பெண் குடித்த செம்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தது. எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியாது. "நான் இருக்கிறேங்க, இதுக்கும் நானே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே, ஏன் சொன்னோம், ஏதாவது ஆகிவிட்டால் நம்மைக் கேட்பார்களே என்று வழக்கமான கவலையும் வந்துவிட்டது.

கெட்ட நேரம், அடுத்து உடை கொடுத்தார்கள். பச்சைக் கலர் கால்சட்டை. என் வீட்டுக்காரர் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். பின்பக்கம் திறப்பு. கிழிந்ததைக் கொடுத்துவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுக்கப் போனார். அது கிழிசல் இல்லை, அப்படித்தான் தைப்பார்கள் என்று நர்ஸ் சொன்னதும் அவர் முகம் மாறியது.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை செய்கிற இடத்தில் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்ற மாட்டார். சின்னப் பையன்கள் பனியனோடு நின்றால் சத்தம் போடுவார். அந்த மனிதர் கால்சட்டையை மடித்துப் பெஞ்சில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வா போவலாம்."

"எங்கங்க?"

"வூட்டுக்கு. என்னத் தூக்கி சூளைக்குள்ள போட்டாலும் போடு. இத மாட்டிக்கிட்டு நாலு பேரு முன்னாடி குப்புறப் படுக்க மாட்டேன்."

கெஞ்சினேன். அழுதேன். உங்கள் அப்பாவை நினைத்துப் பாருங்கள் என்றேன். அவர் பாட்டுக்கு வாசலைப் பார்க்க நடந்தார். நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் இன்னொரு செருப்புச் சத்தம். அந்தப் பெண், கையில் ஊசி குத்தி ஒட்டிய பிளாஸ்திரியோடு, ஒயர் கூடையையும் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தது.

"அண்ணே. போறதா இருந்தா போங்க. அக்காவ மட்டும் வுட்டுட்டுப் போங்க. எனக்கு வேற ஆளு இல்ல."

அவர் நின்றார். முன்பின் தெரியாத பெண் அண்ணே என்று கூப்பிட்டால் நடையைக் கட்டுகிற ஆள் இல்லை அவர்.

"இன்னொரு நாளு வாயேம்மா."

"இன்னொரு நாளு வர்றதுக்கு இன்னொரு பொய்யி தேடணும்ண்ணே. இதுக்கே ரொம்ப யோசிச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டது. பிறகு மெதுவாக, "நானும் பொம்பளதான? எனக்கு மட்டும் வெக்கம் இல்லியா? அதே கால்சட்டையத்தான எனக்கும் குடுத்திருக்கிறாங்க" என்றது.

அவர் தரையைப் பார்த்தார்.

"அதுவும் இல்லாம, இப்ப பஸ்ஸு ஏறுனா விருத்தாசலம் போவ எவ்ளோ நேரம் ஆவும்? குடிச்ச மருந்து அதுவரைக்கும் சும்மா இருக்குமா? பாவம்ண்ணே அந்த கண்டக்டரு."

அவர் வயிறு அதற்குப் பதில் சொல்வது போல ஒரு சத்தம் போட்டது. எனக்கே கேட்டது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, துண்டை என் கையில் திணித்துவிட்டு, வந்த வழியே ஓடினார். அன்றைக்குக் காலையிலிருந்து நான் மூச்சு விட்டது அப்போதுதான்.

திரும்பிப் போனபோது அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். துணைக்கு வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். நர்ஸ் என்னைப் பார்த்து, நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டது. நான் திகைத்தேன். பொய் சொல்லலாமா, சொன்னால் ஏதாவது கேஸ் ஆகுமா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி. என் தங்கச்சி" என்று பின்னாலிருந்து அவர் குரல். பேனாவை என் கையிலிருந்து வாங்கி அவரே கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் அவர் எப்படி ஓடிப்போக முடியும்? தங்கச்சியை உள்ளே அனுப்பிவிட்டு அண்ணன் ஓடினால் நன்றாகவா இருக்கும்? போய்க் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டு, பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் வேட்டியைப் பற்றித்தான் கவலை.

கொஞ்ச நேரம் கழித்துத் துணைக்கு வந்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். நான் போனேன். டாக்டர் அம்மா சின்ன வயது. டிவி மாதிரி ஒரு பெட்டியில் படத்தைக் காட்டியது. குடலின் கடைசிவரை குழாய் போய்ப் பார்த்ததில், வலது பக்கம், பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்துக்கிட்டே ஒரு கட்டி இருக்கிறது. அதிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து வந்திருக்கிறது. அவ்வளவு தூரம் வருவதற்குள் மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. சோகை மட்டும்தான் தெரியும். துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ஆனால் பார்வைக்குப் புற்றுநோய் மாதிரிதான் இருக்கிறது, ஆபரேஷன் தேவைப்படும் என்று சொல்லியது. மயக்கம் தெளிந்ததும் அந்த அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீங்கள் கூட இருங்கள் என்றது.

வாழ்நாள் முழுக்க நான் பயந்துகொண்டிருந்த வார்த்தையைக் கடைசியில் ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அது என்னைப் பற்றியது இல்லை, என் வீட்டாரைப் பற்றியதும் இல்லை. காலையில்தான் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றியது.

திரைச்சீலையை விலக்கினால் வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்கிறார். அடுத்தது அவர் முறை. என் முகத்தைப் பார்த்தால் போதும், அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். என் முகம் எதையும் மறைத்ததே கிடையாது. பால் பொங்கி வழிந்தால்கூட என் முகத்தில் தெரியும் என்பார். இந்தப் பக்கம் ஸ்டிரெச்சரில் அந்தப் பெண் அரைக்கண்ணாகக் கிடக்கிறது. அதுவும் என் முகத்தைத்தான் பார்க்கும்.

செத்த சிரிங்க என்று அது காலையில் சொன்னது ஞாபகம் வந்தது.

நான் திரைக்கு இந்தப் பக்கமே கொஞ்சம் நின்றேன். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தேன். எப்படியோ பல் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"இன்னா சொன்னாங்க?"

"அதுக்கு வலி ஒண்ணும் தெரியலியாம், தூங்கி எழுந்த மாதிரி இருக்குதாம். ஒங்களக் கூப்புடுறாங்க, போயிட்டு வாங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் சிரித்தபடியே நின்றேன். எழுந்து போனார். கதவு சாத்தியதும் அந்த ஸ்டிரெச்சர் பக்கம் திரும்பினேன்.

அவர் உள்ளே இருந்த நேரம் முழுக்க அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அரைமயக்கத்தில் மகள் பெயரைச் சொல்லி, ஹால் டிக்கெட் எடுத்துக்கிட்டியா என்று கேட்டது. எடுத்துக்கிட்டாம்மா என்றேன்.

மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை டாக்டர் அம்மா முகமே தெளிந்து வேறு மாதிரி இருந்தது. இடது பக்கம், கீழே, குடல் சுவரில் இரண்டு கொழுந்து. மழைக்காலத்தில் மரத்தடியில் முளைக்கிற காளான் மாதிரி, ஒன்று காம்போடு பெரிசாக, ஒன்று சின்னதாக. பாலிப் என்று சொல்வார்களாம். ரத்தம் போனது பெரியதிலிருந்துதான். கம்பிச் சுருக்கைப் போட்டு இரண்டையும் அப்போதே அறுத்து எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் சில வருடத்தில் இதுவே புற்றாக மாறியிருக்கக்கூடும், சோதனை முடிவு வரட்டும், ஆனால் நல்ல நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றது. அவருடைய அண்ணனையும், வயது வரும்போது எங்கள் மகனையும் இதே பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லியது, அப்பாவுக்கும் இருந்திருக்கும் போலிருப்பதால்.

எனக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. பக்கத்துப் படுக்கையில் அது கண் விழித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் டாக்டர் அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதனிடம் எல்லாவற்றையும் சொல்லியது. அவசரப்படாமல், புரிகிற மாதிரி சொல்லியது. கேட்டு முடித்ததும் அது டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"மூஞ்சில ஒண்ணுமே காட்டலியே."

அப்போதுதான் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. அது என் முதுகைத் தட்டிக் கொடுத்தது. யாருக்கு யார் ஆறுதல் என்றே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, அதன் ஒயர் கூடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். விருத்தாசலத்தில் இறங்கினோம். அவர் என்னோடு வீட்டுக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் குடலில் அறுத்து எடுத்திருக்கிறார்கள், நேராக வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டிய மனிதர், "இத வூட்டுல கொண்டு வுட்டுட்டு வரேன்" என்று திட்டக்குடி பஸ்ஸில் அதோடு ஏறிவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் இரண்டு பேருக்காகவும் சேர்த்துப் பயந்தேன்.

அவருடைய சோதனை முடிவு வந்தது. மாற ஆரம்பித்திருந்த சதைதான், ஆனால் புற்று இல்லை. எடுத்ததோடு சரி. மூன்று வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தத் தங்கச்சிக்கு இருந்தது புற்றுதான். மகளின் கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்குத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறது. புருஷன் ஓடி வந்தார். வலது பக்கக் குடலை எடுத்து ஆபரேஷன், பிறகு மாதக்கணக்கில் ஊசி மருந்து. போனில் அதன் குரல் நூலாய்த் தேய்ந்துபோன நாட்கள் உண்டு. அப்போதும், "அக்கா, இன்னிக்கு எதுக்குக் கவலைப்பட்டீங்க, சொல்லுங்க கேப்போம்" என்று கேட்கும். அன்றைக்கு நான் பட்ட கவலையை எல்லாம் சொல்லுவேன். அது சிரிக்கும். என் கவலையை ஆசையாகக் கேட்டுக்கொண்ட ஆள் அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றாத மனிதர், பட்டறையில் டீ வேளையில் எல்லோரையும் உட்கார வைத்து, திறப்பு வைத்த கால்சட்டை உட்பட ஒன்று விடாமல் சொன்னார். முதலில் சிரித்தார்கள். அவருடைய அப்பா கதைக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ரத்தம் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் டாக்டரிடம் போனார்கள். இருவருக்கும் வெறும் மூலம்தான். "மேஸ்திரி பேச்சக் கேட்டு வீணா மானத்த வாங்கிக்கிட்டோம்" என்று இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். ஆனால் எங்கள் தெருவில் செகண்ட்ஸ் கோப்பைக்கு அப்புறம் நல்ல கிராக்கி. அதுவும் வெள்ளைதான் வேண்டும் என்கிறார்கள்.

இந்த வருடம் அவருக்கு மறுபரிசோதனை நாள் வந்தது. எனக்கு அன்றைக்கென்று காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. தனியாகப் போனால் செய்ய மாட்டார்களே, நாள் தள்ளிப்போனால் என்னாகும் என்று முந்தின நாளெல்லாம் போனில் அந்தத் தங்கச்சியிடம் புலம்பினேன். காலையில் வாசலில் வந்து நிற்கிறது, அதே ஒயர் கூடையோடு. உடம்பு தேறி, ஊசி மருந்தில் கொட்டிப்போன முடியெல்லாம் சுருட்டையாக முளைத்திருந்தது.

"நீங்க படுங்கக்கா. நான் கூட்டிட்டுப் போயிட்டு வரேன். ஓடுனா புடிச்சிக்கிட்டு வரேன்."

அவர்கள் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. குடல் சுத்தமாக இருக்கிறதாம். கையெழுத்துப் போடும்போது நர்ஸ் என்ன உறவு என்று கேட்டதாம். அது சொல்வதற்குள், படுத்திருந்த இடத்திலிருந்து இவரே தலையைத் தூக்கி, "தங்கச்சி" என்றாராம்.

இப்போதும் நான் எல்லாவற்றுக்கும் பயப்படத்தான் செய்கிறேன். காலையில் அந்த வெள்ளைக் கோப்பையைக் கழுவும்போது குனிந்து ஒரு தடவை பார்க்காமல் வருவதில்லை. ஆனால் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, அடுத்தவருக்காக முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த அந்த நிமிஷத்தை நினைக்கும்போதெல்லாம், என் பயத்துக்குள்ளும் இத்தனை நாள் பிரியம்தான் ஒளிந்திருந்தது என்று தோன்றுகிறது, அதை வெளியே எடுத்துக் கொடுக்க ஒரு தங்கச்சி வர வேண்டியிருந்தது.